இப்படிக் குடு, நான் காட்டுறேன்

மனிதர்களில் 'இப்படிக்குடு' என்றொரு வகை உண்டு. ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. வயது வரம்பு கிடையாது, படிப்புத் தகுதி கிடையாது, சம்பளமும் கிடையாது. அடையாளம் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். நீங்கள் ஒரு ஜாம் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள், அல்லது மடக்குக் குடையை விரிக்கப் பார்ப்பீர்கள், அல்லது புதுப் போனில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று உங்கள் பாட்டுக்குத் தடவிக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். பிறகு உங்கள் முகத்துக்கும் அந்தப் பொருளுக்கும் நடுவில் ஒரு கை வரும். உள்ளங்கை மேலே பார்த்திருக்கும். விரல்கள் மடங்கி மடங்கி அழைக்கும்.

"இப்படிக் குடு, நான் காட்டுறேன்."

கொடுத்துவிடுவீர்கள். கொடுக்காமல் என்ன செய்வது? அந்தக் கை நீண்டால் நீண்டதுதான், வெறுமனே திரும்பிப் போகாது. அதற்கப்புறம் அந்தப் பொருளை நீங்கள் பார்க்கலாம், தொட முடியாது.

இவர்கள் கெட்டவர்களா? சேச்சே, தங்கமானவர்கள். உதவி என்று கேட்டால் ஓடி வருவார்கள். கேட்காவிட்டாலும் ஓடி வருவார்கள், அதுதான் சங்கடம். உங்களுக்கு ஒன்று தெரியாது என்பதைத் தாங்கிக்கொள்ள உங்களால் முடியும், அவர்களால் முடியாது. மனசு அவ்வளவு இளகியது.

இந்த வகையில் கலப்படமில்லாத ஒரு மாதிரியைப் பார்க்க ஆசைப்பட்டால், குளியலறைச் சாமான்கள் விற்கும் ஒரு பெரிய கடைக்குள் நுழைய வேண்டும். உள்ளே சுவர் முழுக்கக் குழாய்கள். உயரமான குழாய், குட்டையான குழாய், கழுத்து வளைந்தது, தூக்கினால் திறப்பது, திருப்பினால் திறப்பது, கையைக் காட்டினால் திறப்பது. ஒன்றிலும் தண்ணீர் வராது. எல்லாம் பார்வைக்கு மாட்டி வைத்தவை. அவற்றின் நடுவே, சட்டைப் பையில் இரண்டு பேனாவும் முகத்தில் ஒரு புன்னகையுமாக நிற்கிறாரே, அவர்தான் கடையின் மேனேஜர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'காட்டுறேன் சார்'.

குழாயைத் திறக்கத் தெரியாதவர்கள் உலகத்தில் இருக்கிறார்களா? இருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. வாடிக்கையாளர் ஒருவர் ஏதோ ஒரு குழாயை ஆசையாகத் தொட்டு, கைப்பிடியை அரை அங்குலம் தூக்கியிருப்பார். "சார், ஒரு நிமிஷம், இப்படிக் குடுங்க" என்று இவர் பாய்ந்து வருவார். குழாய் சுவரில் முடுக்கியிருக்கிறது, கொடுக்க வழியில்லை. ஆகவே வாடிக்கையாளரின் கையைப் பக்குவமாகப் பிடித்து எடுத்து, ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பிப்பார். இடது பக்கம் வெந்நீர், வலது பக்கம் தண்ணீர், நடுவில் வைத்தால் வெதுவெதுப்பு, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளினால் இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு. ஷவரைத் திறந்து காட்டும்போது அவர் சொல்லும் வேகத்தில் கேட்பவர்கள் இரண்டடி பின்வாங்கி விடுவார்கள். தண்ணீரே வராத இடத்தில் சொல்வதை யார் தப்பென்று நிரூபிக்க முடியும்? இத்தனை வருஷத்தில் அவர் விளக்கத்தால் ஒருவரும் நனைந்ததில்லை. அது அவருக்குப் பெரிய நம்பிக்கையைக் கொடுத்திருந்தது.

வீட்டில் மனைவி. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவர். வாயைத் திறக்கவே பயப்படுகிறவர்களை நாள் முழுக்கச் சமாளிப்பதால் பொறுமை ஜாஸ்தி. இறுகிப்போன மூடி எதுவானாலும் பாத்ரூமுக்குள் கொண்டுபோய், வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் திறந்துகொண்டு வந்துவிடுவார். ஹாலில் திறந்தால் கை வந்துவிடும் அல்லவா?

அப்புறம் பாப்பா. இவள் பேச ஆரம்பித்தபோது முதலில் "அம்மா" என்றாள். இரண்டாவதாகச் சொன்ன வார்த்தை "நானே." செருப்பு மாட்டுவதா, நானே. வாழைப்பழம் உரிப்பதா, நானே. "அப்பா" என்பது அதற்கப்புறம்தான் வந்தது. அதில் அவருக்கு இன்னமும் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஒரே வீட்டில் ஒரு 'இப்படிக்குடு'வும் ஒரு 'நானே'வும் குடியிருந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். தினமும் காலையில் ஒற்றைச் செருப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

பாப்பாவுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினீயர், எந்த ஆற்றின் கரையில் எப்போது இருப்பார் என்று சொல்ல முடியாது. கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டி, இரண்டு கன்ட்ரோலர்கள், கூடவே ஒரு விளையாட்டு. அட்டையில் ஒரு வாத்து, தலையில் ஹெல்மெட், நாலு சக்கர வண்டியில் உட்கார்ந்து குளத்தின் மேல் பாய்ந்துகொண்டிருந்தது. பாப்பா அந்த வாத்தைப் பார்த்தாள். வாத்தும் பாப்பாவைப் பார்த்தது. அவ்வளவுதான், மனசு பறிபோய்விட்டது.

"மூணு வாரத்துல திரும்பி வருவேன். ஒரே ஒரு நாள்தான் இருப்பேன்" என்றார் மாமா. "அதுக்குள்ள நல்லாப் பழகி வை. வந்ததும் நீயும் நானும் பந்தயம் விடறோம். சரியா?"

பாப்பா கையை நீட்டினாள். கை குலுக்கி ஒப்பந்தம் ஆயிற்று. மாமா பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், அப்பா பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்.

"அஞ்சு வயசுக் குழந்தைக்கு இது ரொம்பச் சிக்கலான சமாச்சாரம்."

"எதை வெச்சுச் சொல்றீங்க?" என்றார் மனைவி.

"இதுல எத்தனை பட்டன் இருக்கு பாரு. பதினாறு! குழந்தைக்கு விரல் பத்துதான். கணக்கு எப்படி ஒத்து வரும்?"

அவருக்கும் விரல் பத்துதான். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

"அதுக்காகக் குடுக்காமலே இருக்கச் சொல்லலை," என்றார், பாப்பாவின் உதடு பிதுங்குவதைப் பார்த்து. "முறையாச் சொல்லித் தரணும்கறேன். இப்படிக் குடு கண்ணு, அப்பா காட்டுறேன்."

ஒயரைச் செருகுவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிட்டது. கன்ட்ரோலரின் வலது பக்கம் நாலு பட்டன்கள் நாலு திசையில் இருந்தன. குழந்தைக்கு மனசில் பதிய வேண்டும் என்று அவர் அவற்றுக்கு உறவு வைத்தார். "கீழ இருக்கறது அப்பா. அதை அமுக்கினா 'சரி'ன்னு அர்த்தம். இந்தப் பக்கம் அம்மா. அதுக்கு 'வேண்டாம்'னு அர்த்தம்."

"ஏன், நான் எப்பப் பார்த்தாலும் வேண்டாம்னா சொல்றேன்?" என்றார் மனைவி.

"ஞாபகத்துக்காகச் சொல்றதும்மா."

"அப்படிச் சொல்ல வேண்டாம்."

"பார்த்தியா?" என்று அவர் குழந்தையிடம் கண்ணைச் சிமிட்டினார். "அந்தப் பக்கம் மாமா. வேகமா ஓடறது. மாமா எப்பவும் ஊர் ஊரா ஓடறார் இல்ல? மேல இருக்கு பாரு, அது நீ. குதிக்கறது."

"அது நானா?"

"அது நீதான்."

பாப்பா அந்தப் பட்டனை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். அதற்குள் கன்ட்ரோலர் அப்பா கைக்குத் திரும்பிவிட்டது.

பிறகு பெட்டியை டிவியில் மாட்டி உயிர் கொடுத்தார். புது மெஷின் அல்லவா, வீட்டில் யார் யார் என்று விசாரித்தது. இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அந்த வீட்டில் கேக் வெட்டினால் முதல் துண்டு பாப்பாவுக்கு, வாசல் பலகையில் முதல் பெயர் பாப்பாவுக்கு, பிரயாணத்தில் ஜன்னல் சீட்டு பாப்பாவுக்கு. ஆகவே "முதல் பேரு பாப்பாவோடதா இருக்கட்டும்" என்று உருகிப்போய் அதையே போட்டார். முதல் பெயர் வீட்டுப் பெரியவருடையதாக இருக்க வேண்டும், மற்றவர்களை மேய்க்கும் பொறுப்பு அவருக்கே என்று மெஷின் அதே பக்கத்தில் எழுதிக் காட்டியது. அதை யார் படித்தார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் படித்துக்கொண்டிருப்பார்களா? 'அப்பா' பட்டனைத் தட்டிக்கொண்டே போனார். சரி, சரி, சரி.

அடுத்து மெஷின் பிறந்த தேதி கேட்டது. அங்கே அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "எந்த மெஷினுக்கும் நிஜத் தேதியைக் குடுக்கவே கூடாது. அவன் எடுத்து வெச்சுக்குவான்." அவன் யார், எடுத்து எங்கே வைத்துக்கொள்வான் என்பதெல்லாம் தெரியாது, ஆனால் குடுக்கக் கூடாது. பாப்பாவின் பெயருக்கு எதிரே வருஷச் சக்கரத்தை ஒரு சுழற்றுச் சுழற்றினார். அது கிறுகிறுவென்று பின்னால் ஓடி, எங்கேயோ போய் நின்றது. கணக்குப் பார்த்தால் பாப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேலே. "இருக்கட்டும், நல்லாக் குழம்பட்டும்" என்று சந்தோஷப்பட்டார். தன் பெயருக்கு எதிரே சக்கரத்தைச் சுழற்றவே இல்லை. இந்த வருஷத்தில் நின்றிருந்ததை மூன்று வருஷம் மட்டும் பின்னால் தள்ளி விட்டுவிட்டார். மெஷின் அவருக்கு ஒரு சிவப்பு பலூன் படத்தைக் காட்டியது. மரியாதை தெரிந்த மெஷின் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியாக ஒன்று பாக்கி. வீட்டுப் பெரியவர் மட்டும் அறிந்த ரகசியமாக, நாலு முறை பட்டனை அமுக்கச் சொன்னது. "பாப்பா, நீயே எதையாவது நாலு தடவை அமுக்கு" என்று கன்ட்ரோலரை அவள் மடியில் வைத்துவிட்டு, ரகசியத்தை ஏன் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை மனைவிக்கு விளக்கத் திரும்பிக்கொண்டார். விளக்கம் முடிவதற்குள் அவள் அமுக்கி முடித்துவிட்டாள். உயிருள்ள கன்ட்ரோலர் அந்தக் குழந்தையின் கைக்கு வந்தது அந்த ஒரே ஒரு தடவைதான்.

ஆக, மெஷினைப் பொறுத்தவரை அந்த வீட்டில் நரைத்துப் பழுத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவர் பாப்பா. மூன்று வயதுக் குழந்தை ஒன்றும் இருக்கிறது. அது குழாய்க்கடை மேனேஜர்.

மறுநாளிலிருந்து பயிற்சி ஆரம்பம். எப்படிப்பட்ட பயிற்சி? டிவியை அணைத்து, பெட்டியை அணைத்து, உயிரில்லாத கன்ட்ரோலரைக் குழந்தை கையில் கொடுத்து, கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துச் செய்யும் பயிற்சி. "தண்ணி விடாம பழகினாத்தான் தண்ணி விட்டப்புறம் தப்பு வராது" என்பது அவர் கடைப் பாடம். "இப்ப மாமாவை அமுக்கு. இப்ப உன்னை அமுக்கு. ம், இப்ப மாமாவை விடாம உன்னை அமுக்கு." பாப்பாவும் சமர்த்தாக அமுக்குவாள். சிரித்துக்கொள்வாள்.

"எதுக்குச் சிரிக்கற?"

"வாத்து குளத்துல விழுந்துடுச்சுப்பா!"

"எந்த வாத்து? டிவியே போடலையே."

"உள்ள இருக்கு. நீங்க குறுக்க நிக்கறீங்க, அதான் உங்களுக்குத் தெரியல."

அவர் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். "பார்த்தியா? இன்னும் பக்குவம் வரலை."

"ஒரே ஒரு தடவை நிஜமாப் போட்டுக் குடுங்களேன். மாமா வர்ற நாளை அவ எண்ணிட்டிருக்கா" என்றார் மனைவி.

"தப்பாப் பழகிட்டா மாத்த முடியாதும்மா. உனக்குத் தெரியாது."

இதெல்லாம் குழந்தைக்கு. அவருக்கு? சொல்லித் தருகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டாமா? செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. மனைவி ஆஸ்பத்திரிக்கும் குழந்தை பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, ஜன்னல் திரையை இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு தட்டில் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு 'கற்றுக்கொள்ள' உட்கார்ந்தார். என்ன ஆச்சரியம்! அவர் கையில் வாத்து வண்டி ஒரு தடவைகூடப் பாதையை விட்டு விலகவில்லை. வளைவில் அதுவே வளைந்தது. குளத்தோரம் போனால் ஒரு வெள்ளை வேலி எழும்பித் தாங்கிக்கொண்டது. எல்லாப் பந்தயத்திலும் முதலிடம். ஒவ்வொரு தடவையும் கைதட்டல், சிவப்பு பலூன். அரை மணி ஆனதும் மட்டும் திரை மங்கி, தொப்பி போட்ட வாத்து ஒன்று படுத்துத் தூங்கியது. கீழே என்னவோ நாலு வரி வந்தது. படிக்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அது ஒண்ணுமில்லை," என்று மறுநாள் கடையில் விளக்கினார். "சூடாகிடக் கூடாதுன்னு அரை மணிக்கு ஒரு தடவை தானா நின்னுடும். நல்ல கம்பெனி. ஆனா ஓட்டறது லேசுப்பட்ட காரியமில்லை. கைப்பழக்கம் வேணும். நான் இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவைகூட விழலைன்னா பாத்துக்குங்களேன்."

"காட்டுறேன் சாரா கொக்கா!" என்றார் கேஷியர்.

மூன்று வாரம் ஓடியது. மாமா வந்தார். மத்தியானம் வந்தவர், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏற வேண்டும். பாப்பா அன்று காலையிலேயே ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறவள்போல் ஷூ போட்டுக்கொண்டு ஹாலில் தயாராக நின்றாள். "மாமா, பந்தயம்! நீங்க சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். அதுக்குத்தானே வந்தேன். நல்லாப் பழகிட்டியா?"

"பழகிட்டேன். டிவி போடாம."

மாமாவுக்குப் புரியவில்லை. அதற்குள் அப்பா நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். "இருங்க, இருங்க. அவளுக்கு இன்னும் பாடம் முடியலை மச்சான். இது கொஞ்சம் சிக்கலான மெஷின். முதல்ல நான் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டிடறேன். ரெண்டு பேரும் பாருங்க."

ஒரு ரவுண்டு ஓடியது. கைதட்டல், பலூன். "இப்ப வளைவுல நான் என்ன பண்ணினேன்னு கவனிச்சீங்களா?" இரண்டாவது ரவுண்டு. "அப்பா, என் முறை எப்ப?" "இதோ கண்ணு." மூன்றாவது. "அப்பா..." "இதோ, இதோ." பாப்பா ஒரு ஷூவைக் கழற்றினாள். சற்று நேரம் கழித்து இன்னொன்றையும் கழற்றினாள். அம்மா அதைக் கவனித்தார். கவனிக்க வேண்டியவர் வாத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அரை மணி ஆகித் திரை மங்கியது. தொப்பி போட்ட வாத்து படுத்துக்கொண்டது.

"ஒண்ணும் பயப்படாதீங்க," என்றார். "சூடு. கொஞ்சம் ஆறட்டும்."

மாமா எழுந்துபோய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "அத்தான், இது ஜில்லுனு இருக்கே." பிறகு திரையை உற்றுப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. "'குட்டி நண்பா, இன்னிக்கு விளையாடினது போதும், ஓய்வு எடு. இன்னும் விளையாட ஆசையா இருந்தா வீட்டுப் பெரியவங்களைக் கூப்பிடு'ன்னு போட்டிருக்கு."

"யாருக்குப் போட்டிருக்கு?"

"உங்களுக்குத்தான் அத்தான். வயசு மூணுன்னு காட்டுது. சின்னக் குழந்தை விழுந்துடக் கூடாதுன்னு பாதை பூரா வேலி கட்டி விட்டிருக்கு. இதுல கண்ணை மூடிட்டு ஓட்டினாக்கூட முதல்லதான் வர முடியும்."

பல் ஆஸ்பத்திரியின் பொறுமை அன்றைக்கு உடைந்தது. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேனேஜர் முகத்தில் வழிந்த அசட்டை வாளியில்தான் பிடிக்க வேண்டும். கேஷியர் ஞாபகம் வேறு வந்து தொலைத்தது.

"சரி, அந்தப் பெரியவங்க யாரு?"

"பாப்பா."

எல்லாரும் பாப்பாவைப் பார்த்தார்கள். அவள் கழற்றிய ஷூவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ரகசியம் கேக்குது அத்தான். நாலு பட்டன். என்ன போட்டீங்க?"

அவருக்குத் தெரியாது. "எனக்குத் தெரியாது" என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. ஆகவே, "அது வந்து, பொதுவா இப்படித்தான் வெப்பாங்க" என்று அப்பா, அம்மா, மாமா, பாப்பா என வரிசையாக அமுக்கினார். மெஷின் உர்ரென்றது. அப்பாவையே நாலு தடவை அமுக்கிப் பார்த்தார். மறுபடி உர்.

"போதும் அத்தான், விடுங்க!" மாமா பதறினார். "இன்னும் ஒரு தடவை தப்பாப் போட்டா நாளைக்குத்தான் திறக்குமாம்."

நாளைக்கு மாமா இருக்க மாட்டார். அது பாப்பாவுக்கும் புரிந்துவிட்டது. மூன்று வாரமாகக் கறுப்புத் திரையில் ஓட்டிய பந்தயம் மூடிக்கொள்ளப் போகிறது. அவள் அழவில்லை. எழுந்து வந்தாள். அப்பாவின் முகத்துக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் ஒரு சின்னக் கை வந்தது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. விரல்கள் மடங்கி மடங்கி அழைத்தன.

"இப்படிக் குடுங்கப்பா, நான் காட்டுறேன்."

அவர் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறரிடமிருந்து வாங்கியே பழகிய கை அது. ஐந்து வயசுக் குழந்தை, மூன்று வாரத்துக்கு முன்னால் விளையாட்டாக அமுக்கியது, எப்படி ஞாபகம் இருக்கும்? தப்பாகிவிட்டால் பந்தயம் போச்சு, குழந்தை உடைந்து போவாள். தானே இன்னொரு தடவை யோசித்துப் போட்டுப் பார்த்தால் என்ன? நாக்கு நுனிவரை 'இரு கண்ணு' வந்துவிட்டது. அப்போதுதான் அந்த வெறுங்காலைப் பார்த்தார். ஷூ போட்டுக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்த கால். கொடுத்துவிட்டார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. ரகசியம்" என்றாள் வீட்டுப் பெரியவர்.

மூன்று பெரிய மனிதர்கள் சுவரைப் பார்த்து நின்றார்கள். டிக், டிக், டிக், டிக். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்த சத்தம். பிறகு டிவியில் குழல் ஊதியது, வாத்து எழுந்து உட்கார்ந்தது.

"என்ன போட்ட?" என்றார் மாமா.

ரகசியம் காக்கும் வயசா அது? அம்மா காதில், தெருவுக்கே கேட்கும்படி ரகசியமாகச் சொன்னாள். "நான், நான், நான், நான்!"

பந்தயம் தொடங்கியது. எழுபது வயதுக்காரர் என்பதால் மெஷின் பாப்பாவுக்கு வேலி கிலி எதுவும் போடவில்லை. முதல் வளைவிலேயே வாத்து குளத்தில் விழுந்தது. பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். எழுப்பினால் மறுபடி விழுந்தது, மறுபடி சிரிப்பு. ஒரு தடவை திசை மாறிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தாள், அதற்கும் சிரிப்பு. பதினாறு பட்டனில் அவள் தொட்டது மூன்றோ நாலோ. மற்றவற்றைத் தொடாவிட்டால் தப்பு என்று அவளுக்குத் தெரியாது. மாமா மூன்று சுற்று முடித்தபோது அவள் முதல் சுற்றில் இருந்தாள். படுதோல்வி.

"இன்னொரு தடவை!" என்றாள்.

சிக்கலான மெஷின்தான், சந்தேகமில்லை. விழக் கூடாது என்று நினைக்கிறவர்களுக்கு ரொம்பச் சிக்கல்.

இத்தனை நேரமும் மேனேஜர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். கைகள் துறுதுறுத்தன. 'இடது, இடது, ஐயோ இடது பக்கம்' என்று வாய் முணுமுணுத்தது. நாலாவது பந்தயம் முடிந்ததும் பாப்பாவுக்கே பாவமாகிவிட்டது.

"அப்பா, உங்களுக்கும் வேணுமா?"

"ம்."

"வேலி போடவா, வேண்டாமா?"

மனைவியும் மச்சானும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேலி எதுக்கு?" என்றார் வீராப்பாக.

கன்ட்ரோலரை வாங்கினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி புறப்பட்டது. முதல் வளைவு வந்தது. வளைய வேண்டியது இப்போது வண்டி இல்லை, அவர்தான் என்பது அவருக்கு உறைப்பதற்குள் வாத்து அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டுக் குளத்தின் நட்டநடுவில் தொப்பென்று விழுந்தது. இத்தனை வருஷ விளக்கத்தில் முதன்முதலாக ஒரு ஜீவன் நனைந்தது.

மறுபடி ஓட்டினார். மறுபடி தொப். மூன்றாவது தடவை குளத்தைத் தாண்டி, பக்கத்துக் குளத்தில் விழுந்தார்.

பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. சின்னக் கை ஒன்று குறுக்கே வந்தது.

"இப்படிக் குடுங்கப்பா, நான் காட்டுறேன்."

அவர் கன்ட்ரோலரை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்," என்றார். "நானே."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்களுக்கும் இந்த வகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது தெரிந்ததுதான். போன வாரம் உங்கள் அம்மா போனில் ஒரு போட்டோவைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் விரல் சரியான இடத்துக்குப் போக இன்னும் கொஞ்சமே பாக்கி இருந்தபோது, போனை யாரோ பிடுங்கினார்கள். அது நிச்சயம் நீங்களாக இருக்க முடியாது. இந்தக் கதையை உங்கள் பக்கத்தில் இருப்பவர் நிதானமாக, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் வாத்து விழும் இடத்துக்கே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தை நீங்களே வாங்கி, குரல் கொடுத்து வாசித்துக் காட்டினால்தான் அவரால் முழுசாக ரசிக்க முடியும் என்று தோன்றுகிறதா? இல்லைதானே?

அப்படியென்றால் சரி. கையை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள்.